மானியம் நின்றால் மகளின் படிப்பு என்னாகும்?

வணக்கம் அம்மா,

மகள் உயர்தரம் கணிதப் பிரிவில் எழுதிவிட்டாள், சோலார், மின்வாகனம் என்று பசுமைத் தொழில்நுட்பம்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். அரசாங்கம் சலுகையை நிறுத்தினால் பிள்ளை வேலையில்லாமல் வீட்டில் இருப்பாளே என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். பயத்தில் நியாயம் இருக்கிறது.

ஒட்டுசுட்டானில் தோட்டம் செய்கிற உங்களுக்கு 2022 ஓகஸ்ட் நினைவிருக்கும். 87 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஒரேயடியாக 340 ரூபா ஆனது. அதுவரை சோலார் பம்ப் கட்டுப்படியாகாது என்றவர்களே அதன் விலையை விசாரிக்கத் தொடங்கினார்கள். பம்ப் அதே பம்ப்தான். மண்ணெண்ணெய்க்கு அரசு கொடுத்த முட்டுத்தான் விலகியது. அரசின் இறைக் கொள்கை (fiscal policy) என்று பெரிய பெயரில் சொல்வதும் இதைத்தான்: எதற்கு வரி, எதற்குச் சலுகை, பொதுப்பணம் எந்தப் பக்கம் போகிறது.

நகரங்களில் இது இன்னும் பெரிதாக நடக்கும். சீனா 2011இல் 8 நகரங்களைத் தெரிந்தெடுத்து, ஆற்றலைச் சேமிக்கவும் மாசைக் குறைக்கவும் மத்திய அரசின் நிதியைக் கொடுத்துப் பார்த்தது. பிறகு அது 30 நகரங்களானது. முதல் எட்டில் ஒன்றான சென்ஜென், மானியத்தின் துணையோடு, 2017 முடிவதற்குள் தன் 16,000க்கும் மேற்பட்ட பேருந்துகளை முழுக்க மின்சாரத்துக்கு மாற்றிவிட்டது. வாங்க ஆள் நிச்சயம் என்று தெரிந்தால்தானே ஒரு கம்பனி புது மின்கல ஆராய்ச்சியில் துணிந்து காசு போடும்? அந்த ஆராய்ச்சியில்தான் பொறியியலாளர்களுக்கு வேலை பிறக்கிறது.

நம் நாட்டில் அரசின் இந்த உதவிக் கை அவ்வளவு நிலையாக இல்லை. 2016 திட்டத்தில் கூரை சோலார் மின்சாரத்துக்கு முதல் 7 ஆண்டுகள் அலகுக்கு 22 ரூபா, அடுத்த 13 ஆண்டுகள் 15.50 என்று ஒப்பந்தம் செய்தார்கள். புதிதாகச் சேர்பவர்களுக்கான விலை பிறகு ஏறியும் இறங்கியும் விட்டது. 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் திறந்தது. இடையில் மின்வாகனம் திருத்துவதை மட்டும் நம்பிப் படித்த பிள்ளை என்ன செய்திருக்கும்?

அதனால் நான் சொல்வது, துறையை விடவேண்டாம், அடித்தளத்தை அகலமாகப் போடட்டும். பொறியியல் பீடம் கிடைத்தால், துறை பிரிக்கும்போது மின், இலத்திரனியலைக் கேட்கட்டும். சலுகை இருக்கும் காலத்தில் சோலாரிலும் காற்றாலையிலும் வேலை செய்யலாம். அது வற்றினால் அரிசி ஆலை, வைத்தியசாலை, நீர் வழங்கல் என்று எங்கும் அந்த அறிவுக்கு இடமுண்டு. வெட்டுப்புள்ளி கைநழுவினால், கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தின் மின் துறையைப் பாருங்கள். அதைக் குறைவாக நினைக்காதீர்கள். ‘சோலார்’ என்று பெயர் மட்டும் போட்ட குறுகிய காலச் சான்றிதழ்களுக்குக் காசு கட்டவேண்டாம், தயவுசெய்து.

பெண்பிள்ளை கம்பத்தில் ஏறுவாளா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். வடிவமைப்பு, அளவீடு, கணக்கு என்று தரையிலேயே நிறைய வேலை இருக்கிறது. ஏற விரும்பினால் தடுக்காதீர்கள்.

சரி, ஒருநாள் இருவருமாக அறிவியல் நகருக்குப் போய்வாருங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் அந்தப் பயிற்சி நிறுவனமும் அங்கேயே இருக்கின்றன. அனுமதி கேட்டு முதலில் பட்டறையைப் பாருங்கள், அப்புறம் வகுப்பறை. அங்கே படிக்கிற நம் பக்கத்துப் பெண்பிள்ளைகளிடம் மகளே பேசட்டும். விண்ணப்பத்தை அதற்குப் பிறகு நிரப்பலாம்.