மொத்தம் எத்தனை ஒப்பந்தம் என்று யாருக்கும் தெரியவில்லை: எங்கிருந்து தொடங்குவது?

வாசகர் கேள்வி: ஒரு பல்கலைக்கழகத்தின் சர்வதேச உறவுகள் பிரிவில் நான்கு மாதம் முன்பு சேர்ந்தேன். வெளிநாட்டு அரசுகளோடும் பல்கலைக்கழகங்களோடும் செய்துகொண்ட ஒப்பந்தங்களை எல்லாம் தொகுத்து அரசுக்குத் தெரிவிக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. மொத்தம் எத்தனை என்று இங்கே யாருக்கும் தெரியாது. சில துறைகள் "எங்களுடையது வெறும் எம்.ஓ.யூ. (புரிந்துணர்வு ஒப்பந்தம்) தானே, சட்டப்படி கட்டுப்படுத்தாதே" என்று சொல்லித் தர மறுக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது? கணக்கில் வராத பழைய ஒப்பந்தம் ஏதாவது அகப்பட்டால் என்ன செய்வது?

பதில்: அந்த "வெறும் எம்.ஓ.யூ. தானே" என்ற பேச்சிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் பல பல்கலைக்கழகங்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான். ஆஸ்திரேலியாவில் 2020 டிசம்பரில் ஒரு சட்டம் வந்தது. மாநில அரசுகள், உள்ளாட்சிகள், அரசுப் பல்கலைக்கழகங்கள் ஆகியவை வெளிநாட்டு அரசுத் தரப்போடு எழுத்தில் செய்துகொள்ளும் ஏற்பாடுகளை அது கண்காணிக்கிறது. சட்டப்படி கட்டுப்படுத்தினாலும் சரி, கட்டுப்படுத்தாவிட்டாலும் சரி, எழுத்தில் இருந்தால் அது கணக்கு. 2021 ஏப்ரலில் அந்நாட்டு வெளியுறவு அமைச்சர் இந்தச் சட்டத்தின்படி நான்கு ஏற்பாடுகளை ரத்து செய்தார். அதில் இரண்டு, விக்டோரியா மாநிலக் கல்வித் துறை சார்பில் 1999-ல் சிரியாவோடும் 2004-ல் ஈரானோடும் செய்தவை. கையெழுத்தாகி இருபது வருடம் ஆன காகிதம் அமைச்சர் மேசை வரை போயிருக்கிறது. மறுக்கும் துறைத் தலைவரிடம் இதை அப்படியே சொல்லுங்கள்.

ஆனால் எல்லா நாடும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை, அதனால் உங்கள் நாட்டுச் சட்டம் எதைக் கணக்கிடுகிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியா காகிதத்தைப் பார்க்கிறது. அமெரிக்கா பணத்தைப் பார்க்கிறது: அங்கே உயர்கல்விச் சட்டத்தின் 117-ஆம் பிரிவின்படி, ஒரே வெளிநாட்டுத் தரப்பிடமிருந்து ஒரு காலண்டர் ஆண்டில் 2,50,000 டாலர் அல்லது அதற்கு மேல் நன்கொடையோ ஒப்பந்தமோ வந்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், ஜனவரி 31, ஜூலை 31 என்று வருடத்துக்கு இரண்டு கெடு. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகள் பட்டத்தைப் பார்க்கின்றன, அதாவது இணைப் பட்டம், இரட்டைப் பட்டம் போன்றவற்றுக்கு யாரோடு சேரலாம், எத்தனை கிரெடிட் எங்கே படிக்கலாம் என்று.

அமெரிக்க விதியில் "தனியாகவோ சேர்த்தோ" என்று ஒரு சொல் இருக்கிறது, அதைக் கவனியுங்கள். ஒரே வெளிநாட்டு அமைச்சகம் நான்கு துறைகளுக்குத் தலா 70,000 டாலர் கொடுக்கிறது என்று வையுங்கள். நான்கு துறையும் "நாம் வரம்புக்குள்தான் இருக்கிறோம்" என்று நிம்மதியாக இருக்கும். கூட்டினால் 2,80,000. இதை எந்தத் துறையாலும் தனியாகக் கண்டுபிடிக்க முடியாது, நடுவில் ஒருவர் உட்கார்ந்து கூட்டினால்தான் தெரியும். அமெரிக்கக் கல்வித் துறை 2019-ல் விசாரணையை ஆரம்பித்த பிறகு, அதுவரை தெரிவிக்கப்படாத 650 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகை வெளியே வந்ததாக 2020-ல் அறிக்கை விட்டது. அவ்வளவையும் யாரோ திட்டமிட்டு மறைத்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. கூட்டிப் பார்க்க ஆள் இல்லாத இடத்தில் இப்படித்தான் ஆகும்.

சரி, இப்போது சேகரிப்பு. "உங்களிடம் வெளிநாட்டு ஒப்பந்தம் இருந்தால் அனுப்பவும்" என்று எல்லாத் துறைக்கும் சுற்றறிக்கை விடாதீர்கள். "இல்லை" என்றுதான் பதில் வரும். நான் இந்த வேலையில் புதிதாக இருந்தபோது ஒரு துறையிடம் மூன்று முறை கேட்டு மூன்று முறையும் "இல்லை" என்று எழுதி வாங்கினேன். அப்புறம் நிதிப் பிரிவின் வரவுக் கணக்கைப் புரட்டினால், ஒவ்வொரு ஜூலையும் ஒரு வெளிநாட்டு நிறுவனத்திலிருந்து அந்தத் துறைக்குப் பணம் வந்திருக்கிறது. பிடித்துக்கொண்டே போனதில் இரண்டு பக்கக் கடிதம் ஒன்று கிடைத்தது. ஓய்வு பெற்றுப் போன பேராசிரியர் ஒருவர் கையெழுத்திட்டது. கடைசிப் பத்தியில், இரு தரப்பில் ஒருவர் ஆறு மாதம் முன்பே எழுத்தில் சொல்லாவிட்டால் ஐந்தைந்து வருடமாகத் தானே நீளும் என்று இருந்தது. துறையில் யாரும் பொய் சொல்லவில்லை, அவர்களுக்கே அது தெரியாது.

அதனால் துறைகளைக் கேட்பதற்கு முன் சுவடுகளைத் தேடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பணம், பரிமாற்ற மாணவர் சேர்க்கை, வருகைப் பேராசிரியர்களுக்கான அழைப்புக் கடிதம், பயண அனுமதிக் கோப்பு, சொந்த இணையதளத்தில் போட்ட கைகுலுக்கும் படங்கள். ஒவ்வொரு சுவடுக்கும் பின்னால் பெரும்பாலும் ஒரு காகிதம் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த வரவு எந்த ஏற்பாட்டின் கீழ் வருகிறது சார்?" என்று குறிப்பாகக் கேட்டால் பதில் வந்தே தீரும்.

பதிவேட்டுக்கு விலை உயர்ந்த மென்பொருள் வேண்டியதில்லை. ஆரம்பத்துக்கு ஒரு எக்செல் கோப்பு போதும், ஆனால் அது ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும், ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். எதிர்த் தரப்பின் முழுச் சட்டப் பெயர் (சுருக்கப் பெயர் போட்டால் பின்னால் கூட்ட முடியாது), யார் கையெழுத்திட்டார், அவருக்கு அந்த அதிகாரம் இருந்ததா, தொடக்கம், முடிவு, தானே நீளுமா, பணம் உண்டா, ஆராய்ச்சி முடிவுகளை வெளியிடத் தடை உண்டா, தாய் ஒப்பந்தம் எது என்று போடுங்கள். இந்தக் கடைசித் தகவலைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பொதுவான எம்.ஓ.யூ. ஒன்றின் கீழ் ஐந்து துறைகள் ஐந்து செயல்பாட்டு ஒப்பந்தம் போட்டிருக்கும், தாய் ரத்தானால் பிள்ளைகள் என்னவாகும் என்று அன்றைக்குத் தேடக் கூடாது.

எதிர்த் தரப்பு யார் என்பதில் நேரம் செலவழியுங்கள். எதிரே இருப்பது பல்கலைக்கழகம்தானே, அரசு இல்லையே என்று நினைப்போம். ஆஸ்திரேலியச் சட்டம் இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது: அந்தப் பல்கலைக்கழகத்துக்குச் சுயாட்சி இருக்கிறதா? ஆட்சிக்குழுவில் பெரும்பான்மையோர் ஆளும் கட்சி உறுப்பினர்களாக இருக்க வேண்டும் என்று அவர்கள் சட்டமோ விதியோ சொன்னால், அல்லது பாடமும் ஆராய்ச்சியும் அரசின் அரசியல் கொள்கைக்கு உட்பட்டு இருக்க வேண்டும் என்று சொன்னால், அதை அந்த அரசின் கை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் நாட்டில் இப்படி விதி இல்லாவிட்டாலும் அவர்களுடைய சாசனத்தை எடுத்துப் படித்து, எந்தத் தேதியில் பார்த்தீர்கள் என்று குறித்துப் பிரதி எடுத்து வையுங்கள். இணையப் பக்கம் நாளைக்கே மாறிவிடும்.

இனி வரும் ஒப்பந்தங்களுக்கு, கையெழுத்துக்கு முன்னாலேயே கோப்பு உங்களிடம் வர வேண்டும் என்று பதிவாளரிடம் ஓர் உத்தரவு வாங்கிவிடுங்கள். ஆஸ்திரேலியாவில், ஒப்பந்தம் செய்யப்போகிறோம் என்று அரசிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், செய்த பிறகு 14 நாளுக்குள் மறுபடி சொல்ல வேண்டும். தூதுக்குழு வந்து உட்கார்ந்திருக்கும் நேரத்தில் "நாளைக்கே கையெழுத்து" என்று நெருக்குவார்கள், அப்போது வாய்ப்பேச்சு எடுபடாது, உத்தரவு கையில் இருக்க வேண்டும். கூடவே, ரகசியம் காக்கும் பிரிவு ஒப்பந்தத்தில் இருந்தால் "சட்டம் கேட்கும் தகவலை அரசுக்குத் தரலாம்" என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். அது இல்லாமல் கையெழுத்திட்டால், அரசுக்குச் சொன்னால் எதிர்த் தரப்போடு வழக்கு, சொல்லாவிட்டால் அரசோடு வழக்கு என்று நடுவில் நிற்பீர்கள்.

கடைசியாக, அகப்படும் பழைய காகிதம். அகப்பட்ட அன்றே அந்தத் தேதியோடு பதிவேட்டில் ஏற்றுங்கள், முன்தேதி போடவே கூடாது. கையெழுத்திட்டவருக்கு அதிகாரம் இல்லை என்றால் சட்டப் பிரிவைக் கேட்டு, பல்கலைக்கழகம் அதை ஏற்று முறைப்படுத்துகிறதா, முடித்துக்கொள்கிறதா என்று எழுத்தில் முடிவு வாங்குங்கள். ஆனால் அரசுக்குத் தெரிவிக்க அந்த முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். எப்படிக் கிடைத்தது, ஏன் தாமதம், இப்போது என்ன செய்கிறோம் என்று ஒரு பக்கக் கடிதத்தோடு நீங்களே முந்திக்கொண்டு அனுப்புங்கள். கடிதத்தில் துணைவேந்தரோ பதிவாளரோ கையெழுத்திடட்டும், நான்கு மாதம் முன்பு சேர்ந்த நீங்கள் வேண்டாம்.