பொய்யும் போரும் கடமையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: என் தந்தைக்கு வந்திருக்கும் நோய் குணமாகாதது என்று மருத்துவர் எங்களிடம் தெரிவித்துவிட்டார். தந்தையோ தமக்கு என்ன நோய் என்று நாள்தோறும் கேட்கிறார். வயிற்றுப் புண் என்று சொல்லிச் சமாளித்து வருகிறோம். நன்மைக்காகச் சொல்லும் பொய் தவறில்லை என்று வள்ளுவரே கூறியிருப்பதாக என் அண்ணன் சொல்கிறார். ஆனால் வீட்டை விற்றபோது பத்திரத்தில் தொகையைக் குறைத்து எழுதியதற்கும் அவர் இதே குறளைத்தான் காட்டினார். சாத்திரங்கள் உண்மையில் என்ன சொல்கின்றன?

பதில்: உங்கள் அண்ணன் காட்டுவது 292-ஆம் குறள்: 'பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்'. குற்றம் சிறிதும் கலவாத நன்மை விளைந்தால் மட்டுமே பொய்க்கு வாய்மையின் இடம் கிடைக்கும் என்பது இதன் நிபந்தனை. பத்திரத்தில் தொகையைக் குறைத்து எழுதியதில் ஆதாயம் அடைந்தவர் பொய் சொன்னவரே என்பதால், அதற்கு இந்தக் குறளில் இடமில்லை.

தந்தையின் செய்தி அவ்வளவு எளிதில் முடிவதன்று. மகாபாரதத்தின் கர்ண பருவத்தில், உன் வில்லான காண்டீவத்தை வேறொருவனிடம் கொடுத்துவிடு என்று சொல்பவரைக் கொல்வதாகச் சபதம் செய்திருந்த அர்ச்சுனன், ஆத்திரத்தில் தருமரே அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டதால், சபதத்தைக் காப்பதற்காக அண்ணன்மீதே வாளை உருவுகிறான். அவனைத் தடுக்கும் கண்ணன், உண்மையே பேசுவது என்று நோன்பு பூண்ட கௌசிகன் என்னும் தவசியின் கதையைச் சொல்கிறான். கள்வர்களுக்கு அஞ்சிக் காட்டுக்குள் ஓடி ஒளிந்தவர்கள் எங்கே என்று கள்வர்கள் கேட்க, கௌசிகன் உள்ளதை உள்ளபடி சொல்ல, ஒளிந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். தவசி நரகம் புகுந்தான். பேசாமல் இருந்து காப்பாற்ற முடியுமானால் பேசாதிருக்க வேண்டும், பேசியே தீர வேண்டுமென்றால் அங்கே பொய்யே மேல் என்பது கண்ணன் தரும் விதி. (பொய் சொல்லலாம் என்று அதே இடத்தில் அடுக்கப்படும் வேறு சில தருணங்களை இன்றைய மனம் ஏற்காது, பொருள் முழுவதும் கொள்ளை போகும் வேளையும் அவற்றுள் ஒன்று என்பதை உங்கள் அண்ணன் கண்டுபிடிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன், பத்திரப் பதிவு கொள்ளையில் சேராது.)

இந்தக் கதையை உங்கள் வீட்டுக்குப் பொருத்தும்போது கேட்பவர் யார் என்பதைக் கவனியுங்கள். கௌசிகனிடம் கேட்டவர்கள், அறிந்தால் கொல்லப் போகிறவர்கள். அந்த விடையைப் பெற அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை. உங்களிடம் கேட்பவரோ அந்த உடலுக்கு உரியவர். எஞ்சிய நாள்களில் யாரைப் பார்க்க வேண்டும், எதை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் உரிமையும் அவருடையதே. அவர் அஞ்சிவிடுவார் என்பது உண்மையாக இருக்கலாம். அவருக்கு விடை சொல்ல நீங்கள் அஞ்சுகிறீர்கள் என்பதும் அதில் கொஞ்சம் கலந்திருக்கலாம். அவர் கேட்காமல் இருந்திருந்தால் நீங்களும் பேசாமல் இருந்திருக்கலாம். நாள்தோறும் கேட்கிறவரிடம் நாள்தோறும் பொய் சொல்வது வேறு.

சொல்லும் முறைக்குக் கீதையின் பதினேழாம் அத்தியாயத்தில் (17:15) வழி இருக்கிறது. பிறர் மனத்தைக் கலக்காததாகவும், உண்மையாகவும், இனியதாகவும், நன்மை தருவதாகவும் உள்ள பேச்சையே அது வாக்கின் தவம் என்கிறது. இந்த நான்கும் ஒருங்கே அமைய வேண்டுமென்றால், மருத்துவர் சொன்ன அனைத்தையும் ஒரே மூச்சில் ஒப்பிக்க முடியாது. அவர் எவ்வளவு கேட்கிறாரோ அவ்வளவுக்கு, மருத்துவரையும் உடன் வைத்துக்கொண்டு, பொய் கலவாமல் விடை சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. போரில் துரோணரை வீழ்த்துவதற்காக, அவர் மகன் அசுவத்தாமனே இறந்தான் என்று அவர் நம்பும்படி, அசுவத்தாமன் இறந்தான் என்று உரக்கச் சொல்லி, இறந்தது அதே பெயருள்ள யானை என்பதை மட்டும் தெளிவில்லாமல் சொன்ன தருமரின் தேர், அதுவரை நிலத்துக்கு நான்கு விரல் உயரத்தில் நின்றிருந்து, அந்தக் கணத்தில் மண்ணைத் தொட்டதாகத் துரோண பருவம் கூறுகிறது. அந்தப் பொய்யைச் சொல்லும்படி தூண்டியவன் கண்ணன்தான் என்றாலும், சொர்க்கம் சென்ற தருமர் நரகத்தைக் காண நேர்ந்தது அந்த வஞ்சனையால்தான் என்று இந்திரன் பின்னர் விளக்குகிறான். காரணம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், காவியம் அந்தக் கணக்கைத் தள்ளுபடி செய்யவில்லை.

கேள்வி: கொல்ல மாட்டேன் என்று வில்லைக் கீழே வைத்த அர்ச்சுனன் சொன்னதுதானே சரி, அவனைப் போரிடச் சொன்ன கண்ணன் எப்படிச் சரியாவான் என்று என் மகன் கேட்கிறான். என்ன விடை சொல்வது?

பதில்: உங்கள் மகனுக்கு முன்பே பெரியவர்கள் இதில் முரண்பட்டிருக்கிறார்கள். மாண்டலே சிறையில் எழுதி 1915-இல் வெளியிட்ட நூலில் திலகர் கீதையைச் செயலின் நூலாக, தேவைப்பட்டால் போரையும் மறுக்காத நூலாகக் கண்டார். 1930-இல் வெளிவந்த தம் குஜராத்தி மொழிபெயர்ப்பின் முன்னுரையில் காந்தியடிகள், எழுத்தின்படி பார்த்தால் பற்றற்ற செயலும் போரும் ஒத்துப்போகும் என்று சொல்ல இடமுண்டு என்பதை ஒப்புக்கொண்டே, நாற்பது ஆண்டுகள் கீதையின்படி வாழ முயன்றபின் அகிம்சை இல்லாமல் அந்தப் பற்றின்மை கைகூடாது என்று கண்டதாக எழுதினார். சொல்லுக்கு நெருக்கமானவர் திலகர் என்றே நினைக்கிறேன். ஆனால் கீதையை உயிரோடு வைத்திருப்பது காந்தியின் வாசிப்பு.

மகனிடம் உத்தியோக பருவத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஐந்து ஊர்களாவது போதும் என்று பாண்டவர் இறங்கி வந்து, கண்ணனே தூது சென்று, அதுவும் தோற்ற பிறகுதான் குருக்ஷேத்திரம் வருகிறது. இதை விட்டுவிட்டுக் கீதையை மட்டும் எடுத்துப் போருக்கு அழைப்பவர் பாதிக் கதையையே சொல்கிறார்.

வால்மீகியின் ஆரணிய காண்டத்தில் இதைவிட நேரான ஓர் உரையாடல் இருக்கிறது; ஏனோ மேடைகளில் அதிகம் பேசப்படுவதில்லை. தண்டகாரணியத்தில் அரக்கர்களைக் கொல்வதாக முனிவர்களுக்கு இராமன் வாக்களித்த பின், பொய் பேசுதல், பிறர்மனை நாடுதல், பகையில்லாமல் கொடுமை செய்தல் ஆகிய மூன்றும் ஆசையால் பிறக்கும் தீமைகள், முதல் இரண்டும் உங்களிடம் இல்லை, மூன்றாவதை எண்ணித்தான் அஞ்சுகிறேன் என்கிறாள் சீதை. பத்திரமாக வைத்திருக்கும்படி இந்திரன் கொடுத்த வாளை எப்போதும் உடன் வைத்திருந்தே மனம் கொடியதாகி நரகம் அடைந்த ஒரு தவசியின் கதையையும் சொல்கிறாள். இராமன் சினக்கவில்லை, அன்பினால் தக்கதையே சொன்னாய் என்று ஏற்று, துன்புற்றவர்கள் புகலிடம் தேடி வந்து கேட்டதால் கொடுத்த வாக்கு, அதை மீற முடியாது என்கிறான். சீதையின் ஐயமும் இராமனின் விடையும் ஒரே நூலில் இருப்பதால் உங்கள் மகனின் கேள்வி புறம்பானதன்று என்று அவனிடம் சொல்லலாம்.

கேள்வி: கடன் வசூல் பிரிவில் பணிபுரிகிறேன். மேலாளர் சொல்லும்படி வாடிக்கையாளர்களை மிரட்டிப் பேச வேண்டியிருக்கிறது. கடமையைத்தானே செய்கிறாய், பாவம் உன்னைச் சேராது என்று நண்பர் கீதையைக் காட்டித் தேற்றுகிறார். சரியா?

பதில்: சரியன்று. விளைவையும் இழப்பையும் பிறருக்கு நேரும் துன்பத்தையும் தன் ஆற்றலையும் பாராமல் மயக்கத்தால் தொடங்கும் செயல் தாமசம், அதாவது அறியாமையில் பிறந்த கீழான செயல் என்று அதே கீதை (18:25) சொல்கிறது. பலனில் பற்று வைக்காதே என்பது உனக்கு வரும் இலாபத்தைப் பற்றியது. எதிரில் இருப்பவர் படும் பாட்டைப் பாராதே என்று அதற்குப் பொருளில்லை. வன பருவத்தில் வரும் இறைச்சி விற்கும் தரும வியாதன்கூடத் தன் தொழில் கொடியதன்று என்று வாதாடவில்லை; கொடியதுதான் என்று ஒப்புக்கொண்டு, அதற்குள் பொய் சொல்லாமல் வாழ்வதைப் பற்றியும் பேசுகிறான். நிலுவை எவ்வளவு, எந்த நாளுக்குள் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் சட்டப்படி என்ன நேரும் என்பதைச் சொல்வது உங்கள் வேலை. அதற்கு மேல் மேலாளர் கேட்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுதித் தர அவர் தயங்கினால், நீங்களும் பேச மறுக்கலாம்.