குரூஸர் பைக்கில் கார் டயர்: கிளெய்ம் கிடைக்குமா?

கேள்வி: சீக்கிரம் தேயாது என்று நண்பர்கள் சொன்னதால் என் குரூஸர் பைக்கின் பின் சக்கரத்தில் கார் டயர் மாட்டியிருந்தேன். சிக்னலில் நின்றபோது பின்னால் வந்த வேன் இடித்துவிட்டது. ‘அனுமதியில்லாத மாற்றம்’ என்று சொல்லி இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுக்கிறது. வழக்குப் போடலாமா? – வாசகர், கோவை

பதில்: தாராளமாகப் போடலாம். முதலில் நிராகரிப்புக் கடிதத்தை வரி வரியாகப் படியுங்கள். பாலிசியின் எந்த நிபந்தனையை மீறினீர்கள், அதனால்தான் சேதம் வந்ததா என்ற இரண்டுக்கும் அதில் பதில் இருக்க வேண்டும்.

கார் டயரின் முகம் தட்டை. பைக் வளைவில் சாயும்போது அதன் ஓரம்தான் தரையைப் பிடிக்கும். அப்படிச் சறுக்கி விழுந்திருந்தால் கம்பெனியின் வாதத்துக்கு வலு உண்டு. நின்ற வண்டியைப் பின்னாலிருந்து இடித்ததற்கும் டயருக்கும் என்ன சம்பந்தம்? இன்ஷூரன்ஸுக்காகச் சேதத்தை மதிப்பிட்ட சர்வேயரின் அறிக்கை நகலைக் கேட்டு வாங்குங்கள். டயர்தான் காரணம் என்று அதில் இல்லையென்றால் உங்கள் கை ஓங்கும்.

நிபந்தனை மீறல் இருந்தாலும் முழுத் தொகையையும் மறுக்காமல் 75 சதவீதம் வரை தரலாம் என்ற முறையை, 2010-இல் அமலேந்து சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அது வாடகைக்கு விட்ட வண்டி பற்றியது என்றாலும் இங்கே எடுத்துக்காட்டலாம்.

கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) போகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை. இல்லாவிட்டால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலும் நடத்த முடியாது. வேனின் இன்ஷூரன்ஸிடம் நஷ்டஈடு கேட்கும் வழியும் உண்டு. அதற்கு விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனு போடுவது பாதுகாப்பு. ஒரே சேதத்துக்கு இரண்டு பக்கமும் பணம் வாங்க முடியாது.

இதையெல்லாம் வைத்து, கார் டயர் போட்டது சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சட்டம் அனுமதிக்காத மாற்றம் என்று முடிவானால், மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4) பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பைக் ரிம்மில் டயரின் விளிம்பு உட்காரும் விதமே வேறு. உங்கள் உயிர் சம்பந்தப்பட்டது, தயவுசெய்து மாற்றிவிடுங்கள். ஆனால் கழற்றுமுன் சக்கரத்தை நாலா பக்கமும் படம் எடுங்கள். கழற்றிய டயரைக் கடைக்காரரிடம் விட்டுவிடாதீர்கள். வழக்கு முடியும்வரை அது சான்றுப் பொருள்.