வேன் ஃபிரிட்ஜில் ‘கேஸ் ஏற்றினோம்’ என்றால் நம்பாதீர்கள்

கேள்வி: அண்ணா, வணக்கம். எங்களிடம் ஒரு பழைய கேம்பர் வேன் இருக்கிறது. அதில் உள்ள ஃபிரிட்ஜ் வீட்டுக் கரண்ட், வேன் பேட்டரி, சிலிண்டர் கேஸ் மூன்றிலும் ஓடும். வீட்டில் கரண்டில் போட்டால் நன்றாகக் குளிர்கிறது. டிராக்கன்ஸ்பெர்க் மலைக்குப் போனால் வழியிலேயே உள்ளே சூடாகிவிடுகிறது. கேம்ப்பில் கேஸில் பற்றவைத்தால் குமிழை விட்டதும் நெருப்பு அணைந்துவிடுகிறது. ஒரு கடையில் ஃபிரிட்ஜைக் குளிரவைக்கும் கேஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்லி, ஏற்றியதாகப் பணம் வாங்கினார்கள், ஒன்றும் மாறவில்லை. இன்னொரு கடையில் வேனை வாரக்கணக்கில் வைத்திருந்துவிட்டு, குளிரவைக்கும் யூனிட்டே போய்விட்டது, புதிது போடணும் என்கிறார்கள். அம்மாவின் இன்சுலினும் அதில்தான் இருக்கும். என்ன செய்வது? – ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா

பதில்: தம்பி, முதலில் இன்சுலின். இந்த ஃபிரிட்ஜ் சரியாகும் வரை அதை நம்பி அம்மாவின் மருந்தை வைக்கவே வேண்டாம். பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். தனியாக ஒரு கூலர் பாக்ஸ், அதில் ஐஸ் பேக், ஐஸ் பேக்குக்கும் மருந்துக்கும் நடுவில் ஒரு துண்டு, கூடவே ஒரு சின்னத் தெர்மாமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜ் சரியான பிறகும் பின்பக்கத் தகடுகளை ஒட்டி மருந்தை வைக்காதீர்கள், அந்த இடத்தில்தான் உறையும்.

இப்போது ஃபிரிட்ஜுக்கு வருவோம். உங்கள் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது. வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி இதில் கம்ப்ரஸர் கிடையாது. அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் இரும்புக் குழாய்களுக்குள் அடைத்து மூடப்பட்டிருக்கும், கீழே ஒரு இடத்தில் சூடு கொடுத்தால் சுற்றிவந்து உள்ளே குளிரவைக்கும். அந்தச் சூட்டைக் கரண்ட் கொடுத்தாலும் பேட்டரி கொடுத்தாலும் நெருப்பு கொடுத்தாலும் யூனிட்டுக்கு ஒன்றுதான். வீட்டில் கரண்டில் நன்றாகக் குளிர்கிறது என்றால் யூனிட் உயிரோடுதான் இருக்கிறது, அதை மாற்றச் சொன்ன கடைக்கு ஒரு ராண்டும் கொடுக்காதீர்கள். யூனிட் போயிருந்தால் மூன்றிலும் குளிராது. கசிந்திருந்தால் அம்மோனியா நெடி மூக்கைத் துளைக்கும், பின்னால் குழாயில் மஞ்சள் கறை படிந்திருக்கும். முதல் கடைக்காரர் ‘ஏற்றிய’ கேஸ் எங்கே போனது என்று எனக்குப் புரியவில்லை. ஃபேக்டரியில் அடைத்து மூடிய குழாயில் தெருக்கடையில் கேஸ் ஏற்ற வழியில்லை. அதைச் சொன்னவருக்கு இந்த வகை ஃபிரிட்ஜே தெரியாது, இல்லையென்றால் உங்களை ஏமாற்றியிருக்கிறார்.

உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிப் பழுது. வழியில் சூடாவது வயர் பிரச்சினையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 12 வோல்ட்டில் இந்த ஹீட்டர் 10 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், சிலதில் அதற்கு மேலும். பழைய வேனில் மெல்லிய வயர் முன்னாலிருந்து பின்வரை நீளமாக ஓடும், வழியிலேயே வோல்ட்டேஜ் விழுந்துவிடும். இன்ஜினை ஓடவிட்டு, ஃபிரிட்ஜை பேட்டரிக்கு மாற்றி, ஃபிரிட்ஜின் பின்னால் வயர் சேரும் இடத்தில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். அங்கே 10 வோல்ட்தான் காட்டுகிறது என்றால், 12 வோல்ட்டில் கிடைக்கும் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். ஃபியூஸ் வைக்கும் பிளாஸ்டிக்கையும் கழற்றிப் பாருங்கள், ஓரம் பழுப்பேறி லேசாக உருகியிருந்தால் லூஸ் கனெக்ஷனில் அங்கேதான் சூடாகிறது. தடித்த வயரும் நல்ல ரிலேயும் போட்டால் தீரும், அதை எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனும் செய்வார். ஒன்று சொல்லிவிடுகிறேன், பேட்டரியில் ஓடும்போது இது ஏற்கெனவே குளிர்ந்ததைக் காப்பாற்றும், அவ்வளவுதான். கிளம்புவதற்கு முந்தின இரவே கரண்டில் போட்டு, சாமானையும் குளிரவைத்தே உள்ளே வையுங்கள். அப்புறம், சாட்ஸ்வொர்த் டிரைவ்வே பலதும் சரிவு. வேனை நிறுத்தி வைத்து ஃபிரிட்ஜை ஓடவிடும்போது வேன் சமமாக நிற்காவிட்டால் உள்ளே திரவம் ஓடாமல் தேங்கி யூனிட்டே கெட்டுப்போகும். ஜன்னலில் ஒரு ஸ்பிரிட் லெவல் வைத்துப் பார்த்து, தேவையான டயருக்கு அடியில் கட்டை கொடுங்கள்.

குமிழை விட்டதும் நெருப்பு அணைவது தெர்மோகப்பிள் பக்கம், அதாவது நெருப்பின் சூட்டை உணர்ந்து கேஸைத் திறந்து வைத்திருக்கும் கம்பி. அதன் முனை நெருப்புக்குள் இருக்க வேண்டும், சூடேற அரை நிமிடம் குமிழை அழுத்திப் பிடிக்க வேண்டும். நெருப்பு நீலமாக நின்று எரிந்தும் விட்டதும் அணைகிறதா? தெர்மோகப்பிள் முனை விலகியிருக்கும், அதன் நட் தளர்ந்திருக்கும், இல்லையென்றால் அதையே மாற்ற வேண்டும், விலை பெரிதில்லை. நெருப்பு மஞ்சளாக, சோம்பலாக எரிந்தால், கேஸ் வெளிவரும் சின்ன ஓட்டையான ஜெட்டில் தூசியோ சிலந்தி வலையோ, இல்லை மேலே புகைக்குழாயிலிருந்து விழுந்த துருவோ அடைத்திருக்கும். ஜெட்டை ஊசியால் குத்தவே கூடாது, ஓட்டை பெரிதாகிவிடும். ஸ்பிரிட்டில் ஊறவைத்து ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். ஆனால் கேஸ் குழாயைக் கழற்றும் வேலை உங்களுடையதல்ல. கேஸ் வேலை செய்பவர்களைப் பதிவு செய்யும் எஸ்ஏக்யூசிசி கேஸ் (SAQCC Gas) அமைப்பில் பதிவு செய்தவரைக் கூப்பிட்டு, அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், காட்டாதவர் வேண்டாம். வேலை முடிந்ததும் எல்லா மூட்டிலும் சோப்புத் தண்ணீர் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

ஆக, வேனை எங்கும் விட்டுவிட்டு வரவே தேவையில்லை. இரண்டு ஆட்கள், இரண்டு வேலை, இரண்டுமே உங்கள் கண் முன்னால் நடக்கட்டும். வேலைக்கு முன் எழுத்தில் எஸ்டிமேட் கேளுங்கள். 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் எஸ்டிமேட் கேட்ட பிறகு அதைக் கொடுத்து உங்கள் சம்மதம் வாங்காமல் வேலைக்குப் பணம் கேட்க முடியாது. கழற்றிய பழைய பாகத்தை உங்களிடம் திருப்பித் தர வேண்டும். போட்ட பாகத்துக்கும் கூலிக்கும் 3 மாத உத்தரவாதம் உண்டு. பழைய பாகம் எங்கே என்று முதலிலேயே கேட்டுவையுங்கள், நிறையக் கடைக்காரர்கள் அந்த ஒரு கேள்வியிலேயே ஒழுங்காக வேலை செய்ய ஆரம்பிப்பார்கள்.

கேஸ் ஏற்றியதாகச் சொன்ன கடையை விடாதீர்கள். என்ன செய்தார்கள், எவ்வளவு வாங்கினார்கள் என்று எழுதி, ரசீது நகலோடு 14 நாள் கெடு கொடுத்துக் கடிதம் அனுப்புங்கள். தராவிட்டால் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட். 20,000 ராண்ட் வரை அங்கே வழக்குப் போடலாம், வக்கீல் வாதாட அனுமதியில்லை என்பதால் அவர்களும் நீங்களும் நேருக்கு நேர்தான் பேச வேண்டும். வேன் இன்னும் இரண்டாவது கடையில் இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள். வீட்டில் கரண்டில் குளிர்கிறது என்பதைத் தெர்மாமீட்டரோடு படம் எடுத்து வையுங்கள், இரண்டு கடைக்கும் அதையே காட்டலாம்.

கேள்வி: இந்தத் தொல்லையே வேண்டாம் என்று 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் வாங்கலாமா? – வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: தாராளமாக வாங்கலாம், அக்கா. சரிவில் நின்றாலும் ஓடும், டர்பன் ஜனவரி வெயிலிலும் உறையவே வைக்கும், கேஸ் பயமில்லை. ஆனால் ராத்திரி முழுக்க நின்று நின்று பேட்டரியை இழுக்கும், அதனால் வண்டி ஸ்டார்ட் செய்யும் பேட்டரியில் மாட்டாதீர்கள். தனியாக ஒரு டீப் சைக்கிள் பேட்டரி (சார்ஜ் நன்றாக இறங்கினாலும் தாங்கும் வகை), முடிந்தால் கூரையில் சோலார் பேனல். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.