நான்கு பேர் சேர்ந்து கொடுக்கும் பிரசென்டேஷனுக்கு எப்படித் தயாராவது?

கேள்வி: எங்கள் நிறுவனத்திலிருந்து நான்கு பேர் சேர்ந்து ஒரு பெரிய வாடிக்கையாளர் முன்னால் பிரசென்டேஷன் கொடுக்க வேண்டியிருக்கிறது. யார் எதைப் பேசுவது, எப்படித் தயாராவது?

பதில்:

சேலத்தில் ஆத்தூர் ரோட்டுப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் விற்பனையைப் பார்த்துக்கொள்கிறேன். மும்பை, இந்தூர் பக்கமிருந்து வரும் கொள்முதல்காரர்களானாலும் சரி, கடன் கேட்டுப் போகும் பேங்க் ஆனாலும் சரி, நாங்கள் குழுவாகத்தான் விளக்குவோம். முதலாளி, உற்பத்தியைக் கவனிக்கும் அண்ணன், லேப் மேடம், நான். அதனால் என் உதாரணமெல்லாம் ஜவ்வரிசியாகவே இருக்கும், உங்கள் தொழிலுக்குப் பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு பேர் பேசினாலும் கேட்பவர் காதில் அது ஒரே பேச்சாக விழ வேண்டும். பெரும்பாலான குழுக்கள் சறுக்குவது இங்கேதான். "உனக்கு ஐந்து ஸ்லைடு, எனக்கு ஐந்து ஸ்லைடு" என்று பாகம் பிரித்துக்கொண்டு கலைந்துவிடுவார்கள். முதல் நாள் ராத்திரி நான்கையும் ஒன்றாக ஒட்டுவார்கள்.

அப்படி ஒன்றைக் கேட்கும் இடத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். உலர்த்தும் இயந்திரம் விற்க ஒரு கம்பெனியிலிருந்து நான்கு பேர் வந்திருந்தார்கள். ஹால் முழுக்க ஆலைக்காரர்கள். எங்கள் பக்கம் ஜவ்வரிசியை சிமென்ட் களத்தில் வெயிலில் காயவைப்பதுதான் வழக்கம். ஐப்பசியில் மழை பிடித்தால் களத்தில் கிடப்பதை வாரிக்கொண்டு ஓட வேண்டும். ஆக, வந்தவர்கள் விற்க வந்தது எல்லோருக்கும் வேண்டிய பொருள். ஆனால் நான்கு பேரும் ஆளுக்கொரு முறை தங்கள் கம்பெனியின் பெருமையிலிருந்தே தொடங்கினார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "ஏங்க, ஒரு மூட்டை காயவைக்க கரண்ட், விறகு எல்லாம் சேர்த்து எவ்வளவுங்க ஆகும்?" என்று கேட்டார். நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் ஒரு தொகையைச் சொன்னார், பக்கத்தில் இருந்தவர் "இல்லை, அது பழைய மாடலுக்கு" என்றார். அதற்குப் பிறகு சொன்ன எதையும் யாரும் காதில் வாங்கவில்லை. இயந்திரம் நல்ல இயந்திரமாகவே இருந்திருக்கலாம்.

சரி, எப்படித் தொடங்குவது? கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன் நால்வரும் ஒரு மேஜையில் உட்கார்ந்து, கூட்டம் முடிந்து எழுந்திருக்கும்போது வாடிக்கையாளர் என்ன செய்ய வேண்டும் என்று ஒரே வரியில் எழுதுங்கள். "எங்கள் தரத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்" என்பது உதவாது. "சோதனைக்கு ஒரு லோடு எடுக்கச் சம்மதிக்க வேண்டும்" என்பது உதவும். அந்த வரிக்கு உதவாத ஸ்லைடு எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

அடுத்து, எதிரே உட்காரப்போகிறவர்கள் கேட்கக்கூடிய கேள்விகளை எழுதுங்கள். கொள்முதல் பார்ப்பவர் ரேட்டையும் சரக்கு வந்து சேரும் தேதியையும் கேட்பார். தரம் பார்ப்பவர் கலப்படம், வெளுப்பு என்று போவார். கணக்குப் பார்ப்பவருக்குப் பணம் எத்தனை நாளில் தர வேண்டும் என்பதுதான் கவலை. இப்போது பேச்சைத் துறைவாரியாகப் பிரிக்காமல் இந்தக் கேள்விகளை வைத்துப் பிரியுங்கள். ஒரு பகுதியை யாருக்குக் கொடுப்பது என்பதற்கு நான் பார்ப்பது ஒன்றுதான்: அதைப் பற்றி மேற்கொண்டு மூன்று கேள்வி வந்தாலும் தாங்குகிற ஆள் யார்? வாய் சாமர்த்தியம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, விஷயம் தெரிந்தவரே பேசட்டும்.

முதலாளியை என்ன செய்வது என்பது நம் ஊர்க் கம்பெனிகளில் பெரிய கேள்வி. அவர் தாத்தா காலத்திலிருந்து தொடங்கினால் பாதி நேரம் போய்விடும். அவரைப் பேசவே விடாமல் உட்காரவைத்தாலும் தப்பு, ஏனென்றால் வாங்குபவர் அவர் வாக்கைத்தான் நம்புகிறார். எங்கள் ஏற்பாடு இது: தொடக்கத்தில் வரவேற்பும் ஒரு வரி வரலாறும் அவருடையது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததை அங்கேயே சொல்லிவிடுவார். பிறகு கடைசியில் ரேட்டும் உறுதிமொழியும் அவர் வாயாலேயே வரும். நடுவில் நாங்கள். அவருக்கும் அது மரியாதையான இடம். இதை நேரில் பணிவாக, "ஐயா, ரேட்டை நீங்க சொன்னாத்தான் எடுபடும்" என்று எடுத்துச் சொன்னால் ஒப்புக்கொள்வார்கள்.

ஸ்லைடுகளை ஒரே ஆள் செய்யட்டும். மற்றவர்கள் விவரத்தை மட்டும் கொடுத்தால் போதும். தலைப்பில் "தரக்கட்டுப்பாடு" என்று போடுவதைவிட "ஒவ்வொரு லோடும் லேபில் தேறிய பிறகே வண்டி ஏறுகிறது" என்று முழு வாக்கியமாகப் போடுங்கள். திரையில் இருப்பதை அப்படியே வாசிக்காதீர்கள். ஒரே வாசகத்தைக் கண்ணுக்கும் காதுக்கும் சேர்த்துக் கொடுத்தால் கற்பது குறைகிறது என்று ரிச்சர்ட் மேயர் என்ற அமெரிக்க உளவியலாளர் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார். ஆப்பிள் கம்பெனியில் முன்பு வேலை பார்த்த கை கவாசாகி (Guy Kawasaki) என்பவர் சொன்ன 10-20-30 கணக்கும் எனக்குப் பிடிக்கும்: 10 ஸ்லைடு, 20 நிமிடம், எழுத்து 30 பாயிண்டுக்குக் குறையாமல். தமிழில் ஸ்லைடு போடுகிறவர்கள் இன்னொன்றும் கவனியுங்கள். பாமினி எழுத்துருவில் அடித்ததை அது இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் திரை முழுக்கப் புரியாத ஆங்கில எழுத்துகள்தான் வரும். யூனிகோடில் அடியுங்கள், ஒரு பிடிஎஃப் நகலும் பென் டிரைவில் இருக்கட்டும்.

ஆனால் எங்கள் பிரசென்டேஷனில் சிறந்த ஸ்லைடு ஸ்லைடே கிடையாது. லேப் மேடம் முந்தின இரவே ஜவ்வரிசியை ஊறவைத்து ஒரு எவர்சில்வர் டப்பாவில் கொண்டுவந்துவிடுவார். மும்பைக்காரர்கள் விரத நாளில் கிச்சடி செய்கிறவர்கள், ஊறிய பிறகு மணி மணியாக உதிர்கிறதா என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும். மேடம் டப்பாவைத் தட்டில் கவிழ்ப்பார். ஒட்டாமல் சரியும். ஒரு மணியை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கிக் காட்டுவார், உள்ளே கட்டி இல்லாமல் மாவாக மசியும். பக்கத்தில் காய்ந்த சாம்பிளை வைத்து, "இது பளிச்சுன்னு வெள்ளையா இருக்காதுங்க, வெளுக்க எதுவும் போடலை" என்பார். சாம்பிள் தட்டை அவர் பேசி முடித்த பிறகுதான் சுற்றுக்கு விடுவோம். முன்னாடியே கொடுத்தால் எல்லோரும் தட்டைப் பார்ப்பார்கள், பேச்சு வீணாகும்.

ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் பேச்சு கைமாறும் இடத்துக்குத் தனியாகப் பயிற்சி வேண்டும். "அடுத்து அவர் பேசுவார்" என்று முடித்தால் அங்கே நூல் அறுந்துபோகும். உற்பத்தி அண்ணன் இப்படி முடிப்பார்: "மாவு எடுக்கிறது வரைக்கும் சொல்லிட்டேன். அதில் கலப்படம் இல்லைன்னு எப்படி உறுதி பண்றோம்னு மேடம் சொல்வாங்க." மேடம் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே தொடங்குவார். இந்த வாக்கியங்களை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும், மற்றதெல்லாம் இயல்பாகப் பேசலாம். ஒருவர் பேசும்போது மற்ற மூவரும் அவரையே பார்க்க வேண்டும். நீங்கள் போனைத் தடவினால் வாடிக்கையாளரும் தடவுவார்.

தொடர்பில் 93 சதவீதம் உடல்மொழியும் குரலும்தான் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வார்கள். அந்தக் கணக்குக்கு மூலம் ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967-ல் செய்த ஆய்வுகள். அவை ஒருவருடைய உணர்ச்சியை, விருப்பு வெறுப்பைக் கேட்பவர் எப்படி எடைபோடுகிறார் என்பதைப் பற்றியவை. ரேட்டும் தரமும் பேசுகிற கூட்டத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. நிற்கும் விதத்தைவிட விவரத்துக்கு நேரம் ஒதுக்குங்கள்.

ஒத்திகை கட்டாயம் வேண்டும், அதுவும் நின்றுகொண்டு, கடிகாரம் வைத்து, முதலிலிருந்து கடைசிவரை நிறுத்தாமல். அரை மணி கொடுத்திருந்தால் 20 நிமிடத்தில் முடியும்படி வையுங்கள். "பத்து நிமிஷம்தான் இருக்கு" என்று கடைசி நேரத்தில் சொன்னால் எதை விடுவது என்பதையும் அன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள். மொழியையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள். எங்கள் அண்ணன் தமிழில் சொல்ல, நான் இந்தியில் சொல்வேன். அவர் ஆங்கிலத்தில் தடுமாறுவதைவிட இது பல மடங்கு மேல். ஆனால் நேரம் இரட்டிப்பாகும், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஏற்காட்டில் ஹால் எடுத்திருந்தால் முதல் நாள் சாயந்திரமே மேலே போய்விடுங்கள். சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. காலையில் அவசரமாக ஏறி, தலைசுற்றலோடு மைக்கைப் பிடிக்க வேண்டாம். லேப்டாப்பை முழுக்க சார்ஜ் போட்டுக்கொண்டு, ப்ரொஜெக்டரில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி நேரத்தில்தான் குழுவா, வெறும் நான்கு பேரா என்பது தெரிந்துபோகும். கேள்வியை வாங்க ஒரே ஆள் இருக்கட்டும். எங்கள் குழுவில் அது என் வேலை. கேள்வியை ஒருமுறை திரும்பச் சொல்லி, உரியவரிடம் கொடுப்பேன். அந்த நொடி அவர் யோசிக்கவும் உதவும். ஒருவர் பதில் சொன்ன பிறகு இன்னொருவர் "அதோட சேர்த்து..." என்று தொடங்கக் கூடாது. சொன்ன எண் தப்பாக இருந்தால் மட்டும் திருத்தலாம், அதையும் நான்தான் செய்வேன். தெரியாததை யாரும் ஊகித்துச் சொல்லக் கூடாது. "நாளைக்கு மதியத்துக்குள் அனுப்புகிறோம்" என்று சொல்லி, அவர்கள் பார்க்கும்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் அன்று சாயந்திரமே ஒரு மெயில் போக வேண்டும். பேசி முடிவானது, நாம் அனுப்ப வேண்டியது, யார், எந்தத் தேதிக்குள் என்பது மட்டும் அதில் இருந்தால் போதும். யார் அனுப்புவது என்பதை ஒத்திகையன்றே பெயர் சொல்லி முடிவு செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் நால்வரில் ஒவ்வொருவரும் மற்றவர் அனுப்பியிருப்பார் என்றே இருந்துவிடுவார்கள்.