வாசிக்க வராத பிள்ளையும் அடங்காத பிள்ளையும்

கேள்வி: திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் சேர்த்து 26 பிள்ளைகள். பாதிப் பேருக்கு ஒரு சின்னப் பத்தியைப் படிக்க வரவில்லை. அந்தப் பாதியில் ஆறேழு பையன்கள் யாரையும் நிம்மதியாக உட்காரவிடுவதில்லை. கிள்ளுகிறார்கள், அடித்துக்கொள்கிறார்கள், புத்தகத்தைப் பிடுங்கி எறிகிறார்கள். அடிக்கக் கூடாது, அடிக்க எனக்கு மனசும் இல்லை. முதலில் ஒழுங்கைச் சரிசெய்துவிட்டு வாசிப்புக்குப் போவதா? வாசிப்பு வந்துவிட்டால் சேட்டை தானாக அடங்குமா? ஆராய்ச்சி செய்தவர்கள் என்ன சொல்கிறார்கள்?
– ஓர் ஆசிரியை

பதில்: டீச்சர், ‘அந்தப் பாதியில்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே நிறைய இருக்கிறது. சேட்டைக்காரப் பையன்கள் எல்லோரும் வாசிக்க வராத பக்கத்தில்தான் இருக்கிறார்கள். ஒன்பது வயதுப் பையனை எழுப்பி ‘இந்தப் பக்கத்தைப் படி’ என்றால், தெரியாமல் எல்லோர் முன்னாலும் விழித்துக்கொண்டு நிற்க வேண்டும். பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளினால் திட்டு விழும், ஆனால் மானம் போகாது. அவன் எதைத் தேர்ந்தெடுப்பான் என்று உங்களுக்கே தெரியும்.

ஆனாலும் ஒன்றைச் சரிசெய்தால் மற்றது தானாக வந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள். இந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டு அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1985-86 கல்வியாண்டில் ஷெப்பர்ட் கெல்லம் என்பவரும் அவருடைய குழுவும் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். 19 அரசுப் பள்ளிகள், 41 முதல் வகுப்புகள். சில வகுப்புகளில் நடத்தைக்காக ஒரு விளையாட்டு. சிலவற்றில், ஒரு பாடம் நன்றாக வந்த பிறகே அடுத்ததற்குப் போகும் வாசிப்புப் பயிற்சி. முதல் வருஷ முடிவில், விளையாட்டு நடந்த வகுப்புகளில் முரட்டுத்தனம் குறைந்தது, வாசிப்பு ஏறவில்லை. வாசிப்புப் பயிற்சி நடந்த வகுப்புகளில் வாசிப்பு ஏறியது. அதனால் இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்குங்கள். வெவ்வேறு வேளையில் செய்யுங்கள், அவ்வளவுதான்.

அந்த விளையாட்டு 1969-இல் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு நான்காம் வகுப்பில் பிறந்தது. வகுப்பை இரண்டு அணியாகப் பிரிக்க வேண்டும். கேட்காமல் எழுந்தாலோ கத்தினாலோ அந்த அணிக்குக் கரும்பலகையில் ஒரு கோடு. குறைவான கோடு வாங்கிய அணிக்கு வெற்றி. இரண்டு அணியுமே ஒரு வரம்புக்குள் இருந்தால் இரண்டும் ஜெயிக்கும். பரிசுக்குச் செலவே இல்லை: சாப்பாட்டு வரிசையில் முதலிடம், கொஞ்சம் கூடுதல் விளையாட்டு நேரம். அங்கே கணக்கு வேளையில் விளையாட்டை நிறுத்திப் பார்த்தார்கள், கூச்சல் திரும்பி வந்துவிட்டது. அதனால் ஒரு வாரம் ஆடிவிட்டு விடக் கூடாது. பால்டிமோரில் பத்துப் பத்து நிமிஷமாக வாரம் மூன்று தடவை தொடங்கி, நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். பிறகு முன்கூட்டிச் சொல்லாமலும் நடத்தினார்கள்.

உங்கள் ஆறேழு பேரையும் ஒரே அணியில் போடாதீர்கள், இரண்டிலும் கலந்து போடுங்கள். அப்புறம், வேண்டுமென்றே கோடு வாங்கித் தன் அணியைக் கவிழ்க்கிற ஒரு பையன் நிச்சயம் இருப்பான். மற்ற பிள்ளைகள் அவன்மேல் பாய்வதற்கு முன் அவனைத் தனி அணியாக மாற்றிவிடுங்கள். கான்சாஸிலும் இந்தச் சிக்கல் வந்தது, இதையேதான் செய்தார்கள்.

அந்தப் பால்டிமோர் பிள்ளைகளை அவர்களுடைய 19-21 வயதில் மறுபடி தேடிப் பார்த்தார்கள். முதல் வகுப்பில் மிகவும் முரட்டுத்தனமாக இருந்த பையன்களில், அந்த விளையாட்டை ஆடியவர்களிடையே போதைப் பழக்கம் குறைவாக இருந்தது. பத்து நிமிஷ விளையாட்டு இவ்வளவு தூரம் வந்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

சரி, வாசிப்பு. இதற்கு அமெரிக்கா போக வேண்டாம். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பும் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்ளோ முதலிய பொருளாதார ஆய்வாளர்களும் வட மாநில அரசுப் பள்ளிகளில் பல வருஷம் செய்து பார்த்திருக்கிறார்கள். வகுப்பை மறந்துவிட்டு, எழுத்து மட்டும் தெரிந்தவர், சொல் படிப்பவர், பத்தி படிப்பவர் என்று பிரித்து அந்தந்த இடத்திலிருந்து சொல்லிக்கொடுப்பதுதான் முறை. தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் நீங்கள் பார்க்கிற அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று நிலைகள் மாதிரிதான்.

பிகாரில் புத்தகங்களை மட்டும் கொடுத்தபோது ஒன்றும் மாறவில்லை. ஹரியானாவில் தினமும் ஒரு மணி நேரத்தை இதற்கென்றே ஒதுக்கியபோது, அதே அரசு ஆசிரியர்களிடமே பிள்ளைகள் முன்னேறினார்கள். பிரிவு பதிவேட்டில் மட்டும் இருந்தால் பயனில்லை, டீச்சர். பிள்ளைகள் எழுந்து போய் வேறு வட்டத்தில் உட்கார வேண்டும். ‘பாடம் முடியவில்லையே’ என்று வட்டாரக் கல்வி அலுவலர் (பி.இ.ஓ.) கேட்டால், எண்ணும் எழுத்தும் 2023-24 முதல் நான்கு, ஐந்தாம் வகுப்புக்கும் வந்துவிட்டதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

நம் எழுத்தின் சுமையையும் கணக்கில் எடுங்கள். 216 உயிர்மெய்யில் கொம்பிலும் ஒகர ஓகாரத்திலும் பிள்ளை இடறக்கூடும். ‘கெ, கே, கொ, கோ’ நான்கையும் தனித்தனித் தாளில் எழுதி, சொல்லாக்கி விளையாட வையுங்கள். அரும்பு வட்டத்தில் யாரையும் தனியாக எழுப்பிப் படிக்கச் சொல்லாதீர்கள். முதலில் நீங்கள் படியுங்கள், பிறகு எல்லோரும் சேர்ந்து, பிறகு இரண்டிரண்டு பேராக.

மூன்று வட்டத்துக்கு ஒரு ஆள் போதாது. உங்கள் ஊரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராகச் சொல்லிக்கொடுத்த பெண் யாராவது இருந்தால், தலைமை ஆசிரியரிடம் கேட்டுவிட்டு அழையுங்கள். கொரோனாவுக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்த ஆய்வில், விட்டுப்போன படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆறு மாதத்தில் திரும்பியது தெரிந்தது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு அந்தத் தன்னார்வலர்களால் வந்தது.

திங்கட்கிழமை ஒவ்வொரு பிள்ளையையும் வராந்தாவில் தனியாகக் கூப்பிட்டு ஒரு பத்தியைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஒருவருக்கு ஐந்து நிமிஷம் போதும். ஆறு வாரம் கழித்து அதே அளவில் வேறொரு பத்தியைக் கொடுத்துப் பாருங்கள், அந்த ஆறேழு பேரில் எத்தனை பேர் வட்டம் மாறினார்கள் என்று எனக்கு எழுதுங்கள். காத்திருப்பேன்.