போட்டிப் பதற்றம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சதுரங்கம் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். எனக்கு வயது நாற்பதை நெருங்குகிறது. இணையத்தில் ஐந்து நிமிட ஆட்டங்கள் நிறைய ஆடுகிறேன். அங்கே நல்ல ஆட்டக்காரர்களையும் ஜெயித்திருக்கிறேன். ஆனால் நேரில் போட்டிக்குப் போனால் நான் வேறு ஆள். பலகை முன்னால் உட்கார்ந்ததுமே கை நடுங்குகிறது. நகர்வுகளைக் குறிக்கும் ஸ்கோர் ஷீட்டில் எழுதுவது எனக்கே புரிவதில்லை. எதிரே பத்து வயதுப் பிள்ளை வந்து உட்கார்ந்தால் இன்னும் மோசம். போன போட்டியில் ஒரு யானை கூடுதலாக இருந்தும் நானே டிரா கேட்டேன். எப்படியாவது எழுந்து வெளியே போய்விட வேண்டும் போலிருந்தது. இந்தப் பதற்றத்தை ஒழிக்க என்ன வழி?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

‘எப்படியாவது எழுந்து வெளியே போய்விட வேண்டும் போலிருந்தது’ என்று எழுதியிருக்கிறீர்களே, பதற்றம் ஆட்டத்தைக் கெடுப்பது அந்த வழியாகத்தான். நெஞ்சு படபடப்பதால் மட்டும் யாரும் தோற்பதில்லை. அந்தப் படபடப்பைத் தாங்கிக்கொண்டு உட்கார முடியாமல் ஆட்டத்தைச் சீக்கிரம் முடிக்கப் பார்க்கிறோம். அவசரமாகக் காய்களை வெட்டிக்கொள்கிறோம். கடிகாரத்தில் ஒரு மணி நேரம் மிச்சமிருக்கும்போது பத்து விநாடியில் நகர்த்துகிறோம். ஜெயிக்கிற நிலையில் டிரா கேட்கிறோம். அதனால் படபடப்பை ஒழிக்கும் வேலையை விட்டுவிடுங்கள். அது இருந்துவிட்டுப் போகட்டும். கை முந்திக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

2014-ல் சோச்சியில் கார்ல்சனும் ஆனந்தும் ஆடிய உலகப் பட்டப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தை எடுத்துப் போட்டுப் பாருங்கள். 26-வது நகர்வில் கார்ல்சன் ராஜாவைத் தவறான கட்டத்தில் வைத்தார். ஆனந்த் குதிரையால் ஒரு சிப்பாயை வெட்டியிருந்தால் ஆட்டமே திரும்பியிருக்கும். கார்ல்சனுக்குத் தன் பிழை உடனே தெரிந்துவிட்டது; அதை முகத்தில் காட்டாமல் உட்கார்ந்திருந்தார். ஆனந்தோ அதைப் பார்க்காமல், ஏற்கெனவே திட்டமிட்டிருந்த சிப்பாயைச் சட்டென்று தள்ளினார். ஆட்டம் போயிற்று. ஐந்து முறை உலகப் பட்டம் வென்றவருக்கே ஒரு கணம் கை முந்தியது என்றால், நாம் நம்மை இவ்வளவு கடிந்துகொள்ள வேண்டியதில்லை.

2024 சிங்கப்பூர் உலகப் பட்டப் போட்டியின் கடைசி ஆட்டம் இதற்கு நேர்மாறு. அப்போதைய உலக சாம்பியன் டிங் லிரென் 55-வது நகர்வில் யானையை வைத்த இடம் பிழை. பதினெட்டு வயது குகேஷுக்கு உலகப் பட்டம் கண் முன்னால் வந்து நிற்கிறது. அதிர்ச்சி முகத்தில் வெளிப்படையாகவே தெரிந்தது, உடம்பு நிலைகொள்ளவில்லை. ஆனாலும் கை காய்க்குப் போகவில்லை. நிதானித்து, சரிபார்த்து, அதன் பிறகே வெட்டினார். அந்தக் காணொளியை ஒருமுறை பாருங்கள். அத்தனை பதற்றத்தோடும் சரியாக ஆட முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

இதைப் பழக்கத்தில் கொண்டுவர எளிய வழி ஒன்று இருக்கிறது. எதிராளி நகர்த்தியதும் முதலில் பேனாவை எடுங்கள். அவர் நகர்வை நிதானமாக, அழகான கையெழுத்தில் எழுதுங்கள். பக்கத்தில் கடிகாரத்தில் உங்களுக்கு எவ்வளவு நேரம் மிச்சம் என்பதையும் குறியுங்கள். விதிப்படி அதற்குத் தடையில்லை. பேனாவைக் கீழே வைத்த பிறகுதான் யோசிக்கத் தொடங்க வேண்டும். முதல் கேள்வி எப்போதும் ஒன்றே: இந்த நகர்வால் அவர் எதை மிரட்டுகிறார்? பழைய ஆட்டக்காரர்கள் தங்கள் சொந்த நகர்வையும் முன்கூட்டியே எழுதிவைத்து, ஒருமுறை சரிபார்த்துவிட்டு ஆடுவார்கள். 2005 முதல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகள் அதை அனுமதிப்பதில்லை. அதனால் நகர்வை முடிவுசெய்தபின் கைகளை மேசைக்கடியில் வைத்துக்கொண்டு, பலகையை அப்போதுதான் முதல்முறை பார்ப்பதுபோல ஒருமுறை பாருங்கள். தொட்ட காயை ஆடித்தான் ஆக வேண்டும் என்ற விதி இருக்கும் ஆட்டத்தில், இந்தச் சில விநாடிகள் பல ஆட்டங்களைக் காப்பாற்றும்.

நீங்கள் பதற்றம் என்று சொல்வதில் ஒரு பகுதி வெறும் பழக்கமின்மை என்றும் எனக்குத் தோன்றுகிறது. திரையில் தட்டையாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, உயரமான மரக்காய்கள் ஒன்றையொன்று மறைக்கும் நிஜப் பலகை அந்நியமாகவே இருக்கும். ஐந்து நிமிட ஆட்டத்தில் பழகிய கையும் அதே வேகத்தைத்தான் கேட்கும். வாரத்துக்கு ஒருமுறையாவது நண்பர் ஒருவரோடு நிஜப் பலகையில், கடிகாரம் வைத்து, நகர்வுகளை எழுதி, நீண்ட ஆட்டம் ஆடுங்கள். முன்னாள் உலக சாம்பியன் போத்வின்னிக்குப் புகைநெடி ஆகாது. அதனால் பயிற்சி ஆட்டங்களில் நண்பர் ரகோசினைத் தன் முகத்தில் புகைவிடச் சொல்லி ஆடிப் பழகினார். நாம் அந்த அளவுக்குப் போக வேண்டாம், ஆனால் தொந்தரவு எதுவோ அதை வீட்டிலேயே பழகிக்கொள்வது என்ற அவருடைய எண்ணம் மிகச் சரியானது.

இனி அந்தப் பத்து வயதுப் பிள்ளை. வளரும் பிள்ளைகளின் ரேட்டிங், அதாவது ஆட்டப் பலத்தைக் காட்டும் எண், பல சமயம் அவர்களுடைய உண்மையான பலத்துக்குப் பின்னால்தான் வந்துகொண்டிருக்கும். அது ஒருபுறம். கணக்கையும் பாருங்கள்: உங்களைவிட ரேட்டிங்கில் 200 புள்ளி குறைந்தவரோடு நூறு ஆட்டம் ஆடினால், வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை என்ற கணக்கில் அவர் சுமார் 24 புள்ளி எடுப்பார் என்றுதான் ரேட்டிங் முறையே எதிர்பார்க்கிறது. அவரிடம் ஒரு ஆட்டம் தோற்றால் உங்கள் கே மதிப்பு (ஒரு ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு மாறும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) 20 என்றால் ரேட்டிங்கில் சுமார் 15 புள்ளி குறையும். அவ்வளவுதான் நஷ்டம். வயதைக் காட்டி நம்மை நாமே குத்திக்கொள்வதால் வரும் நஷ்டம் அதைவிடப் பெரிது. உட்கார்ந்தபின் எதிரே இருக்கும் முகத்தையே பார்க்காதீர்கள், காய்களைப் பாருங்கள்.

காலையில் அதிகம் காப்பி குடிப்பதைக் குறைக்கலாம். ரவுண்டு தொடங்கப் பத்து நிமிடம் முன்பே போய் உட்காரலாம். எதிராளி யோசிக்கும்போது எழுந்து கொஞ்சம் நடக்கலாம், மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதற்குக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளலாம். எல்லாம் உதவும், ஆனால் இவை துணைக்கு மட்டுமே.

டிரா விஷயத்தில் மட்டும் கறாராகச் சொல்கிறேன். அடுத்த மூன்று போட்டிகளுக்கு நீங்களாக டிரா கேட்கவே கூடாது. எதிராளி கேட்டால் பேனாவை எடுத்து அதையும் எழுதுங்கள், நிலையைப் பாருங்கள், பிறகு முடிவுசெய்யுங்கள். கூடுதல் யானை இருக்கும்போது தோற்றாலும் பரவாயில்லை, ஆடித் தோற்றுவிட்டு வாருங்கள். ஜெயிக்கிற நிலையில் உட்கார்ந்திருப்பதற்கும் பழக்கம் வேண்டும். பலருக்குத் தோற்கிற நிலையைவிட அதுதான் கடினம்.

அடுத்த போட்டி முடிந்ததும் நேரம் குறித்த ஸ்கோர் ஷீட்டுகளை எனக்கு அனுப்பிவையுங்கள். எந்த நகர்வில் வேகம் கூடியது என்று சேர்ந்தே பார்ப்போம்.

அன்புடன்.